ஓபரின் மார்ட்டெல்

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் நான்காவது சீசனில் (2014) டோர்ன் இளவரசன் ஓபரினாக பெட்ரோ பாஸ்கல் வந்தபோது முதலில் கண்ணில் பட்டது அழகுதான்: மஞ்சள் அங்கி, அலட்சியப் புன்னகை, எவருக்கும் வளையாத நடை. அது மட்டும் என்றால் சீக்கிரமே சலித்திருக்கும். சிறைக் காட்சிதான் என்னை முழுதாக அவன் பக்கம் சாய்த்தது. சிறையிலிருக்கும் டிரியனிடம், அவனைப் பிறந்த குழந்தையாகப் பார்க்கப் போன கதையைச் சொல்கிறான். அரக்கன் பிறந்திருக்கிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. தொட்டிலில் கிடந்ததோ வெறும் குழந்தை. பாஸ்கல் குரலை உயர்த்தவே இல்லை. கொலையுண்ட சகோதரி எலியாவுக்காக ஆண்டுக்கணக்கில் சுமந்த கோபம் அந்த நிதானத்துக்குள்ளேயே கனல்கிறது. எட்டாவது எபிசோடில் நடக்கும் சண்டையில், எலியாவைக் கொன்ற கிரிகர் கிளேகனை ஈட்டியால் வீழ்த்திய பிறகும் உடனே கொல்லாமல், செய்த குற்றத்தைச் சொல்லச் சொல்லி அவனைச் சுற்றிச் சுற்றி வருகிறான். அதுவே ஓபரினின் உயிரைக் குடிக்கிறது. எலியாவின் பெயரை அந்த வாயாலேயே கேட்க வேண்டும் என்ற அந்தப் பிடிவாதத்தைத்தான் நான் மிகவும் நேசிக்கிறேன்.