கல் உள்ளவருக்கே கதை

தாய்லாந்தின் காஞ்சனாபுரிப் போர்க் கல்லறையில் 5,084 காமன்வெல்த் வீரர்களும் 1,896 டச்சு வீரர்களும் நினைவுகூரப்படுகிறார்கள். ஜப்பானியர் 1942–43இல் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையில் மடிந்த போர்க்கைதிகள் இவர்கள். தரையோடு ஒட்டிய சிறு பீடங்களில் வெண்கலப் பலகைகள். ஒவ்வொன்றிலும் படையெண், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த நாள். பலவற்றின் அடியில் வீட்டார் எழுதிக்கொடுத்த ஒரு வரி. இந்தப் பலகைக்குரிய மனிதர் யார், எப்படி வாழ்ந்தார் என்று தேடி எழுதும் வேலை அண்மைக் காலத்தில் பெருகியிருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் குடும்பங்களிடமிருந்து வாழ்க்கைக் கதைகளைத் திரட்டுகிறது. கல்லறைக்கு அருகே 2003இல் திறக்கப்பட்ட தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம், ஒரு கைதி எந்த முகாமில் இருந்தார், எதனால் இறந்தார், முதலில் எங்கே புதைக்கப்பட்டார் என்பதை உறவினருக்குத் தேடித் தருகிறது.

இம்முறையின் சிறப்பை மறுப்பதற்கில்லை. 1918இல் ஆணையத்துக்காக எழுதப்பட்ட கென்யன் அறிக்கை வகுத்த கொள்கைப்படி, கல்லறையில் அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் வேறுபாடு கிடையாது. வாழ்க்கைக் கதை சேரும்போது அந்தச் சமத்துவத்துக்கு முகமும் கிடைக்கிறது. முகாம் பதிவும் குடும்ப நினைவும் ஒத்துப் பார்க்கப்படுவதால் செவிவழிக் கதைகள் பல திருத்தம் பெற்றிருக்கின்றன.

குறை வேறிடத்தில் இருக்கிறது. தேடல் கல்லில் தொடங்குவதால், கல் இல்லாதவர் தேடலுக்குள் வருவதே இல்லை. இந்தப் பாதையில் இறந்த கைதிகள் ஏறத்தாழ 13,000 பேர். இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் 1,00,000 வரை. இது ஆணையமே தரும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர். கூலியும் குறுகிய தவணையும் சொல்லிச் சிலரை அழைத்தார்கள். பலரைப் பிடித்தே லாரியில் ஏற்றினார்கள். காலராவில் செத்தவர்களைக் குழியில் தள்ளினார்கள், மொத்தமாக எரித்தார்கள். 1990இல் காஞ்சனாபுரியில் ஒரு நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றில் ஒன்றுக்கும் பெயர் இல்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம், ஆவணம் இல்லை என்பது. கைதிகளுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது, தொழிலாளருக்கு இல்லை, ஆகவே எழுத முடியாது என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதம், விளைவையே காரணமாகக் காட்டுகிறது. கைதிகளின் ஆவணம் தானாக வந்து சேர்ந்ததல்ல. முகாம்களில் உயிரைப் பணயம் வைத்து மரணக் குறிப்புகளை எழுதி ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்த சில வாரங்களில், 1945இலேயே, ஒரு தேடல் குழு பாதை நெடுகச் சென்றது. காட்டுக்குள் சிதறிக் கிடந்த 144 இடுகாடுகளில் 10,000க்கு மேற்பட்ட புதைகுழிகளை அது அடையாளம் கண்டது. அதே பாதையில், அதே வாரங்களில், தொழிலாளரின் குழிகளைக் குறித்துவைக்க எந்தக் குழுவும் அனுப்பப்படவில்லை. இல்லாத ஆவணம் என்பது எடுக்கப்படாத முடிவின் இன்னொரு பெயர்.

ஆவணம் அடியோடு இல்லை என்பதும் சரியல்ல. தோட்டத்துக்குத் தோட்டம் கிராணி எனப்பட்ட எழுத்தர் கையில் செக்ரோல் இருந்தது. யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று அன்றாடம் பதிந்த ஏடு அது. போருக்கு முன் ஆவடி, நாகப்பட்டினம் முகாம்கள் வழியாகக் கப்பலேறியவர்களின் பதிவு குடியேற்றத் துறையிடம் இருந்தது. 1943இல் சிங்கப்பூரிலிருந்து கே படை, எல் படை என்ற பெயர்களில் 300க்கு மேற்பட்ட கைதி மருத்துவர்களும் உதவியாளர்களும் தொழிலாளர் முகாம்களுக்கே அனுப்பப்பட்டார்கள். அவர்கள் கண்டதை எழுதியும் வைத்தார்கள். இவற்றில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது தேடினால்தான் தெரியும். இத்தடயங்களை ஒரு பலகைக்குக் காட்டும் அக்கறையோடு யாரும் பொருத்திப் பார்த்ததில்லை.

அடுத்த சமாதானம், அவர்கள் குடிமக்கள், ஆணையத்தின் பொறுப்பு படைவீரர்கள் மட்டுமே என்பது. இரண்டாம் உலகப் போரில் எதிரித் தாக்குதலுக்குப் பலியான குடிமக்கள் 60,000க்கு மேற்பட்டோரின் பெயர்களை இதே ஆணையம்தான் தொகுத்தது. அந்த ஏடுகள் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் வைக்கப்பட்டிருக்கின்றன. பொறுப்பின் எல்லை, வேண்டியபோது நீண்டிருக்கிறது; வேண்டாதபோது சுருங்கியிருக்கிறது. முதல் உலகப் போரைப் பற்றி ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் காட்டியது. ஆப்பிரிக்க, ஆசியப் படையினரிலும் சுமைகூலிகளிலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரின்றியோ நினைவின்றியோ விடப்பட்டிருந்தார்கள். அவர்களுக்குக் கல் எதற்கு என்று அன்றைய அதிகாரிகள் எழுதி வைத்த காகிதங்கள் பத்திரமாக இருந்தன. இறந்தவர்களின் பெயர்கள்தான் இல்லை.

இந்தக் குறை, எழுதப்பட்ட கதைகளையும் கோணலாக்குகிறது. கைதிகளின் நாட்குறிப்புகளிலும் நினைவுக் குறிப்புகளிலும் தமிழ்த் தொழிலாளி பெரும்பாலும் தலைகாட்டும் இடம் ஒன்றே: காலரா பரவிய பக்கத்து முகாம். அந்த நூல்களை ஆதாரமாகக் கொண்டு எழுதும் வாழ்க்கை வரலாறு, அவரை நோயின் ஊற்றாகவே வைத்துக்கொள்கிறது. அவருக்கும் ஊர் உண்டு, தோட்டத்து லயத்தில் விட்டுவந்த மனைவி மக்கள் உண்டு என்பது அங்கே வராது. அதை எழுத ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போன்ற மலேசியத் தமிழ் நாவல்கள்தான் வேண்டியிருந்தன. ஆய்வு செய்ய வேண்டியதைப் புனைகதையிடம் விட்டுவிட்டு, ஏற்கெனவே பெயர் உள்ளவருக்கு மேலும் ஒரு பக்கம் சேர்ப்பதை வரலாற்றுப் பணி என்று சொல்வதற்கில்லை. அது கல்லறைப் பராமரிப்பின் நீட்சி.

மாற்று வழி கடினமானது, ஆனால் தெளிவானது. தேடலைக் கல்லில் தொடங்காமல் தோட்டத்தில் தொடங்க வேண்டும். எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று பட்டியல் எடுக்க வேண்டும். திரும்பியவர்களின் பிள்ளைகளுக்கே இன்று முதுமை வந்துவிட்டது. வீட்டில் கேட்டதை அவர்களிடமிருந்து பதிவு செய்வதே முதல் வேலை. முழு வாழ்க்கை கிடைக்காது. பெயரும் தோட்டமும் போன ஆண்டும் கிடைத்தாலே, பலகையில் பொறிக்கும் அளவுக்குச் செய்தி சேர்ந்துவிடும். அது சேரும்வரை காஞ்சனாபுரியில் திரட்டப்படும் கதைகளைக் கைதிகளின் வரலாறு என்று சொல்லலாம்; ரயில் பாதையின் வரலாறு என்று சொல்லக் கூடாது.