பிடரியும் முண்ணாணும்: உடற்கூற்றியற் கலைச்சொற்கள் பற்றி டிக்கோயாவிலிருந்து ஒரு நோக்கு

கலைச்சொல் ஒன்றின் தகுதியை எதனைக் கொண்டு அளப்பது? மூலச்சொல்லுக்கு அது எத்துணை நெருங்கியுள்ளது, இலக்கண அமைதி உடையதா என்று ஆராய்வதே நம்மிடையே பெருவழக்கு. அச்சொல்லை யார் யாரிடம் வழங்கப்போகிறார் என்னும் வினா அருகியே எழுப்பப்படுகின்றது. தலை, கழுத்து, நரம்புத் தொகுதி ஆகியவற்றின் உடற்கூற்றியலுக்கு இலங்கையில் வழங்கும் தமிழ்ச் சொற்களை இவ்வினாவின் துணைகொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோக்குமிடமாக டிக்கோயாவைக் கொள்கிறோம். அங்குள்ள கிளங்கன் ஆதார வைத்தியசாலையில், இந்திய உதவியுடன் அமைக்கப்பட்ட 150 படுக்கைகள் கொண்ட கட்டடம் 2017 மே மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. அதனை நாடி வருவோருட் பெரும்பாலார் தோட்டத் தொழிலாளர். கயிற்றைத் தலையில் மாட்டிக் கூடையை முதுகிலே தொங்கவிட்டுக் கொழுந்து பறிப்பது நெடுங்கால வழக்கம். கூடை நிறைய நிறைய அதன் பாரம் தலைவழியாகக் கழுத்தின் 7 முள்ளென்புகள்மீது இறங்குகின்றது. அவற்றை அடுத்து வெளிவரும் கழுத்து நரம்புகள் 8 சோடி. அவற்றுள் கீழுள்ளவை நெஞ்சுப் பகுதியின் முதல் நரம்போடு பின்னிக் கைக்குச் செல்கின்றன. இரண்டாம் நரம்பின் கிளையொன்று பிடரிவழியே உச்சந்தலைவரை ஏறுகின்றது. "பிடரியில தொடங்கி உச்சிக்கு ஏறுது", "கழுத்துல புடிச்சி விரல் வரைக்கும் சுண்டி இழுக்குது" என்று நோயாளி கூறுமிடத்து, அந்நரம்புகள் செல்லும் வழியையே அவர் அறியாமற் கூறிவிடுகிறார். பிடரி, உச்சி, பொட்டு, தாடை, குரல்வளை என இடஞ்சுட்டும் சொற்கள் மக்கள் வழக்கில் நுட்பமாக உள்ளன. பொட்டிலே பட்ட அடி ஆபத்தானது என்பது பாமரரும் அறிந்தது. மண்டையோட்டு என்பு அங்கே மெலிந்திருப்பதும், அதன் உட்புறமாகக் குருதி நாடியொன்று செல்வதும் நூல்கள் தரும் விளக்கம்.

இவ்விரு அறிவையும் இணைக்கும் முயற்சி நமக்குப் புதியதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவம் கற்பித்தார். 1860களில் தமிழையே போதனைமொழியாக்கினார். கிறேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரில் 1872இல் தமிழில் வெளிவந்தது. கேசாதிபாதம், பாதாதிகேசம் என்னும் இலக்கிய வழக்குகளை அறிந்த வாசகருக்கு அத்தலைப்பு அந்நியமாக இராது. வடமொழி மிகுதி கிறீனின் நூல்களிலுள்ள குறையே. ஆயினும், அவரிடம் தமிழிற் கற்றோர் தமிழ் நோயாளரிடையே தொழில் செய்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. சொல்லும் நோயாளியும் ஒரே அறையிற் சந்தித்தமையே அம்முயற்சியின் சிறப்பு.

1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தின் வழியாக வெளிவந்த சொற்றொகுதிகள் நம் பாடநூல்களுக்கு அடித்தளமாயின. அவற்றின் பயன் மறுக்கற்பாலதன்று. 'முண்ணாண்' என்பதையே நோக்குவோம். முள்ளந்தண்டினுள்ளே நாண்போற் கிடப்பது. முள், நாண் எனப் பிரித்துக் காட்டினால் பொருள் தானே விளங்கும். தமிழ்நாட்டின் 'தண்டுவட'த்திற்கு இது எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. ஆனால் தமிழ்நாட்டார் 'முகுளம்' என்று சுருங்கச் சொல்வதை நாம் 'நீள்வளைய மையவிழையம்' என்கிறோம். சுவாசத்தையும் இதயத்துடிப்பையும் ஒழுங்குபடுத்தும் அவ்வுறுப்பின் பெயரைச் சொல்லி முடிப்பதற்கே ஒரு மூச்சு வேண்டியுள்ளது. இலத்தீன் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் விளைவு இது.

'மூளி' இன்னும் வருந்தத்தக்கது. சிறுமூளையைக் குறிக்க மூளை என்பதன் சாயலில் அமைந்த இச்சொல், வழக்கிலே உறுப்புக் குறைந்ததையும் அணியிழந்த பெண்ணையும் குறிப்பது, வசையாகவும் வழங்குவது. உடலின் சமநிலையையும் அசைவுகளின் இசைவையும் பேணுவது சிறுமூளை. வழுக்கும் சரிவில் நின்று இரு கைகளாலும் கொழுந்தெடுக்கும் பெண்ணை விழாமற் காப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு. அவ்வுறுப்பை மூளி என்று தன் தாய்க்கு விளக்க ஒரு மாணவி கூசுவாளாயின் குறை அவளுடையதன்று.

'கபச்சுரப்பி' பிறிதொரு வகைப் பிழை. மூளையிலிருந்து கபம் இச்சுரப்பி வழியாக மூக்கிற்கு இறங்குகின்றது எனப் பண்டைய கிரேக்க மருத்துவ மரபினர் கருதினர். 17ஆம் நூற்றாண்டில் ஷ்னைடர், லோவர் முதலியோர் அதனை மறுத்தனர். ஆங்கிலப் பெயரில் அப்பழங்கருத்து உறைந்து கிடக்கிறது. இன்று அது எவரையும் மயக்குவதில்லை. தமிழிலோ கபம் உயிருள்ள சொல். இறந்த பிழையொன்றை மொழிபெயர்ப்பினால் உயிர்ப்பித்துவிட்டோம்.

இனி, 'நரம்பு'. யாழின் தந்தியும் நரம்பு, ஊசி ஏற்றத் தேடும் குருதிக் குழாயும் நரம்பு, தசைநாணும் நரம்பு. இது தமிழின் வறுமையன்று. கிரேக்கரின் 'நியூரோன்' என்னும் சொல்லும் முதலில் தசைநாணையும் கயிற்றையுமே குறித்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் உடல்களை அறுத்து ஆராய்ந்த ஈரோபிலசு முதலியோரின் பணியாலேயே அதன் பொருள் வரையறைப்பட்டது. கிரேக்கச் சொல் கடந்த அதே வழியில் நம் சொல்லும் நடக்கிறது. ஆனால், அவ்வழியின் நடுவில் நிற்கும் நோயாளியை நாம் மறந்துவிட்டோம். "நரம்பு இழுக்குது" என்பதைப் பாடநூற் பொருளிற் கொள்ளும் இளம் வைத்தியர் தவறான திசையிற் செல்லக்கூடும். எந்த நரம்பு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது எனக் கேட்கும் பழக்கமே இம்மயக்கத்திற்கு மருந்து.

மருத்துவ பீடங்கள் ஆங்கிலத்திற் போதிக்குங்கால் இவ்வாராய்ச்சி எதற்கு என வினவலாம். உயர்தர வகுப்பு மாணவர் உயிரியலைத் தமிழிலேயே கற்கின்றனர். 'மூளி' என மனனஞ் செய்த மாணவர் பீடத்திலே அதனைக் கைவிட்டு ஆங்கிலப் பெயரைப் பயில்கிறார். வைத்தியராகத் தோட்டத்திற்கு மீளும்போது இரண்டும் பயன்படுவதில்லை. தமிழறியா வைத்தியர் பணிபுரியுமிடத்து இடைவெளி மேலும் விரியும். இவ்விடைவெளியின் விலையைத் தருபவர் நோயாளியே.

ஆகவே புதிய சொற்பட்டியல் ஒன்றை மேசையிலிருந்து ஆக்குதல் போதாது. மூளியையும் கபச்சுரப்பியையும் நீக்கி, சிறுமூளை முதலிய சொற்களைத் தயக்கமின்றி ஏற்கலாம். முண்ணாண் போன்றவற்றைப் பிரித்துக் காட்டிக் கற்பிக்கலாம். அவற்றினும் முதன்மையானது, தோட்ட மக்கள் தம் உடல்நோவைச் சொல்லும் சொற்களை இடமும் பொருளும் குறித்துத் தொகுப்பதாகும். மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்துள்ள மாணவரே இப்பணிக்கு உரியவர்; தமிழ்ச் சங்கங்கள் அவருக்குத் துணைநிற்றல் வேண்டும். பிடரி என்று சொல்பவரும் முண்ணாண் என்று எழுதுபவரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளும் நாளிலேயே தமிழில் உடற்கூற்றியல் உண்டு என நாம் உரிமையோடு கூறமுடியும்.