பிரிக் கேம்: பழைய கைவிளையாட்டுக் கருவிக்குத் திரும்புதல்

பிரிக் கேம் என்பது 1990-களில் சீனாவில் பெருமளவில் தயாரிக்கப்பட்டு, இந்தியாவின் சிற்றூர்கள் வரை வந்துசேர்ந்த மலிவான கையடக்க விளையாட்டுக் கருவி. மேலே சாம்பல் நிறத் திரை, கீழே திசைப் பொத்தான்கள், வலது கட்டைவிரலுக்கு ஒரு பெரிய பொத்தான், முதுகில் பென்டார்ச் செல்கள். தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில் சின்னமனூருக்கு அருகே உள்ள மார்க்கையன்கோட்டை போன்ற பேரூர்களில் அக்காலத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கையில் வைத்து ஆடும் ‘கேம்’ என்றால் இதுதான். நிண்டெண்டோவின் கேம் பாய் அல்ல.

அந்தத் தலைமுறை இன்று முப்பதையும் நாற்பதையும் தாண்டிவிட்டது. பழைய கருவிகளை வாங்கிப் பழுது நீக்கி மறுபடி ஆடும் பொழுதுபோக்கில் சிலர் இறங்குகிறார்கள். இதற்கான கையேடுகள், காணொளிகள், உதிரிபாகங்கள் எல்லாம் ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் உருவானவை; அவற்றின் நடுநாயகம் கேம் பாய். ஆகவே கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவரும், தேடத் தொடங்கிய சில நாட்களில், தன் பிள்ளைப் பருவத்தில் தொட்டே பார்க்காத ஒரு கருவிக்குத் ‘திரும்பி’விடுகிறார். நினைவு அவருடையது, கருவி வேறொருவருடையது. உண்மையில் கையில் இருந்த கருவியோ சமூக ஊடகங்களின் ‘90ஸ் கிட்ஸ்’ படங்களில் தேன் மிட்டாய்க்கும் பம்பரத்துக்கும் இடையே ஒரு நிழற்படமாக மட்டும் வந்துபோகிறது. அதை ஒரு விளையாட்டாக எடுத்துப் பேசிய எழுத்து மிகக் குறைவு.

இரண்டு கருவிகள்

கேம் பாய் 1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் வெளியானது. 160-க்கு 144 புள்ளிகள் கொண்ட திரை, நான்கு நிறச் சாயல், நான்கு பென்டார்ச் செல். அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பே யோகோய், முதிர்ந்து மலிவாகிவிட்ட தொழில்நுட்பத்தைப் புதிய கோணத்தில் பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கையுடையவர். வண்ணத் திரை சாத்தியமாக இருந்தும் அவர் அதைத் தவிர்த்தார். வண்ணத் திரையுடன் 1990-இல் வந்த சேகாவின் கேம் கியர் ஆறு செல்களைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தது. கேம் பாயும் அதன் வண்ண வடிவமும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன.

யோகோயின் கொள்கையை அவரே போகாத தொலைவுக்குக் கொண்டுபோனவை பெயரற்ற சீனத் தொழிற்சாலைகள்தான். பிரிக் கேமில் மாற்றிப் போடும் கேட்ரிட்ஜ் கிடையாது. திரையில் சுதந்திரமான புள்ளிகளும் கிடையாது. கால்குலேட்டர் திரையைப் போல, எரியவோ அணையவோ மட்டும் தெரிந்த சதுரங்கள் முன்கூட்டியே பொறிக்கப்பட்டிருக்கும்: அகலத்தில் 10, உயரத்தில் 20, மொத்தம் 200. பக்கத்தில் மதிப்பெண், வேகம், அடுத்து வரும் துண்டு. இவ்வகையில் அது கேம் பாயின் தம்பி அல்ல. யோகோய் 1980-இல் செய்த கேம் அண்டு வாட்ச் கருவிகளின் வாரிசு.

முதன்மை ஆட்டம் டெட்ரிஸ். அலெக்ஸி பஜித்னோவ் 1984-இல் மாஸ்கோவில் உருவாக்கியது. கையடக்கக் கருவிகளுக்கான அதன் உரிமையைப் பெற ஹென்க் ரோஜர்ஸ் 1989-இல் மாஸ்கோ சென்ற கதை திரைப்படமாகவே வந்துவிட்டது. பிரிக் கேம் செய்தவர்கள் எங்கும் போகவில்லை. ஆட்டத்தை எடுத்துக்கொண்டு ‘செங்கல் ஆட்டம்’ என்று பெயரை மாற்றினார்கள். வேடிக்கை என்னவென்றால், கேம் பாயின் டெட்ரிஸ் களத்தில் 18 வரிசைகள்தான். இந்தத் திருட்டுப் பதிப்பில் 20. மூல ஆட்டத்தின் களமும் 20 வரிசைதான் என்பதால், இவ்வொரு விஷயத்தில் நகல்தான் மூலத்துக்கு விசுவாசமாக இருந்தது.

இருநூறு சதுரங்கள்

பெட்டியின் மேல் ‘9999 இன் 1’ என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை ஒன்றிரண்டு டஜன் ஆட்டங்களே. வேகம், தொடக்க நிலை ஆகியவற்றின் ஒவ்வொரு சேர்க்கையும் தனி ஆட்டமாகக் கணக்கிடப்பட்டது. இதைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் போதுமானதாக இருந்தது. ஏமாற்றம் பெரிதாக இல்லாததற்குக் காரணம், அந்தச் சில ஆட்டங்களே போதும் என்பதுதான்.

பாம்பு, டாங்கிச் சண்டை, சுவர் உடைத்தல், சாலை கடக்கும் தவளை, கார் பந்தயம் எல்லாமே அதே 200 சதுரங்களுக்குள் அடங்க வேண்டும். கார் என்பது ஏழு சதுரம்: உச்சியில் ஒன்று, அடுத்த வரிசையில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் காலைப்போல் இரண்டு. கைகால் விரித்த ஆளாகவும் அதைப் பார்க்கலாம். தவளை ஒரே சதுரம். ஓர் உருவத்துக்கு இதைவிடக் குறைத்துத் தர முடியாது. ஆடுபவர் எஞ்சியதைத் தன் மனத்திலிருந்து போட்டுக்கொள்கிறார். ஆடுபுலி ஆட்டத்தில் புளியங்கொட்டை ஆடாகவும் கல் புலியாகவும் ஆவது இப்படித்தான். படம் குறைவு என்பதால் ஆட்டம் குறைவு என்று யாரும் நினைத்ததில்லை.

குறை இல்லாத கருவி என்று இதைச் சொல்ல முடியாது. ஒலி ஒற்றைப் பீப். சில மாதிரிகளில் பொத்தான் அழுத்தலுக்கும் துண்டு நகர்வதற்கும் இடையே தாமதம் தெரியும். கார் பந்தயம் ஐந்து நிமிடத்தில் சலிக்கும். கேம் பாயின் டெட்ரிஸில் வேகம் ஏற ஏற வரும் பதற்றத்தைக் கணக்கிட்டு வடிவமைத்திருக்கிறார்கள். இங்கே வேகம் ஒரு எண், அவ்வளவே. ஆட்ட வடிவமைப்பு என்ற அளவுகோலில் கேம் பாய் மேலானது என்பதில் ஐயமில்லை. ஒருவர் கேம் பாயை ஆடிப் பார்க்க விரும்பினால் அதற்கு அது ஒன்றே போதிய காரணம். அதைத் தன் பால்ய நினைவு என்று சொல்லிக்கொள்வதில்தான் பிசகு.

தெருவுக்கு ஒன்று

கேம் பாய் ஒருவருக்கான கருவி. இருவர் ஆட வேண்டுமென்றால் இரண்டு கருவிகளும் ஒரு இணைப்பு வடமும் தேவை. பிரிக் கேமும் ஒருவருக்காகச் செய்யப்பட்டதுதான். ஆனால் பெருந்திருவிழாக் கடையிலோ மதுரைச் சித்திரைப் பொருட்காட்சியிலோ பேருந்து நிலையத்து ஃபேன்சி ஸ்டோரிலோ வாங்கி வந்த ஒன்று, ஒரு தெருவின் பொதுச் சொத்தைப் போலவே புழங்கியது. ஒருவர் ஆட, நாலு பேர் தலையை நீட்டிப் பார்ப்பார்கள். அவுட் ஆனால் அடுத்தவர் கைக்குப் போகும். ‘இடது பக்கம் திருப்பு, நீளக் குச்சி வருது’ என்று பின்னாலிருந்து வரும் யோசனையும் ஆட்டத்தின் பகுதி. திரைக்குப் பின்னொளி இல்லை. ஆகவே திண்ணையும் ஜன்னலோரமும்தான் ஆடுகளம்.

டிவியில் இணைத்து ஆடும் சாமுராய், மீடியா போன்ற பெட்டிகள் வசதியான வீடுகளில் இருந்தன. மற்றவர்களுக்கு மணிக்கணக்கில் காசு வாங்கும் வீடியோ கேம் கடை. அந்தக் கடைக்குள் பெண் பிள்ளைகள் போவது அரிது. வீட்டுக்குள் கிடந்த பிரிக் கேமை அக்காவும் தங்கையும் அம்மாவும் எடுத்து ஆடினார்கள். வீடியோ கேம் என்றாலே பையன்களின் கதை என்று எழுதிச் செல்லும் நினைவோட்டங்கள் இதைத் தவறவிடுகின்றன.

பழுது பார்த்தல்

கேம் பாய்க்குத் திரும்புபவருக்கு எல்லாம் ஆயத்தமாக இருக்கிறது. திரையில் செங்குத்துக் கோடுகள் காணாமல் போனால் நாடா வடத்தின் இணைப்பைச் சூடாக்கிச் சரிசெய்யலாம். கேட்ரிட்ஜுக்குள் இருக்கும் நாணய வடிவ மின்கலம் தீர்ந்தால் பற்றவைத்து மாற்றலாம். புதிய பளிச்சென்ற திரை, புதிய கூடு, புதிய பொத்தான் எல்லாம் விலைக்குக் கிடைக்கின்றன. அந்த மின்கலத்துக்கு இன்னும் உயிர் இருந்தால், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பாதியில் விட்ட ஆட்டம் அப்படியே காத்திருக்கும்.

பிரிக் கேமில் அப்படி எதுவும் காத்திருக்காது. செல்லைக் கழற்றினால் அதிகபட்ச மதிப்பெண் அழிந்துவிடும்.

பழுதுகள் எளியவை. திரையில் சில வரிசைகள் மட்டும் தெரியாவிட்டால், திரைக்கும் பலகைக்கும் இடையே உள்ள மின்கடத்தும் ரப்பர் பட்டையைக் கழற்றி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மறுபடி அழுத்திப் பொருத்தினால் பெரும்பாலும் வந்துவிடும். பொத்தான் வேலை செய்யாவிட்டால் ரப்பருக்கு அடியில் உள்ள கரிப்பொட்டு தேய்ந்திருக்கும். பென்சில் கரியைத் தேய்ப்பது தற்காலிகத் தீர்வு. அதிகம் காணப்படுவது செல் கசிந்து அரித்த கம்பிச்சுருள். இங்கேதான் இரவல் கையேடு வழிதவற வைக்கிறது. மேலைநாட்டுக் கையேடுகள் வினிகர் தடவச் சொல்லும். அது அல்கலைன் செல்லின் காரக் கசிவுக்கு உரியது. நம் பெட்டிக்கடைகளில் விற்றவை பெரும்பாலும் துத்தநாக-கார்பன் செல்கள். அவற்றின் கசிவு அமிலத்தன்மை கொண்டது. அதற்கு வேண்டியது சமையல் சோடாக் கரைசல்.

சரிசெய்யவே முடியாத இடம் ஒன்று உண்டு. பலகையின் நடுவே கறுப்புப் பிசின் பொட்டு இருக்கும். சில்லும் ஆட்டங்களும் அதற்குள் புதைந்திருக்கின்றன. கேட்ரிட்ஜை ஒரு கருவியில் செருகி நிரலைப் படியெடுப்பதுபோல இதை எளிதில் படியெடுக்க முடியாது. ஹோல்டெக் நிறுவனத்தின் 4 பிட் சில்லு கொண்ட சில மாதிரிகளின் நிரலை ஆர்வலர்கள் வெளியே எடுத்து, கணினியில் இயங்கும் எமுலேட்டர்களையும் செய்திருக்கிறார்கள். வெவ்வேறு கூட்டில், வெவ்வேறு மாதிரி எண்ணில் வந்த மற்றவை எத்தனையோ.

எது பாதுகாக்கப்படுகிறது

அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டில் 2010-க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று கடைகளில் கிடைப்பதில்லை என்றது. அந்த எண்ணிக்கை பெயரும் நிறுவனமும் வெளியீட்டு ஆண்டும் உள்ள ஆட்டங்களைப் பற்றியது. செய்தவர் பெயர் இல்லாத பிரிக் கேமுக்கு அத்தகைய பட்டியலில் இடம் கிடைப்பதே கடினம்.

அதே அச்சில் புதிய பிரிக் கேம்கள் இன்றும் சில நூறு ரூபாய்க்கு விற்கப்படுவதால், பழையதைத் தூக்கி எறிவதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. அவை பேரீச்சம்பழத்துக்குப் போகின்றன. இன்னொரு பக்கம் அன்பெர்னிக், மியூ போன்ற புதிய சீனக் கைக்கருவிகளை ஆர்வலர்கள் வாங்குகிறார்கள். அவற்றில் உண்மையாகவே ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஏற்றலாம். ‘9999 இன் 1’ என்ற பொய் மெய்யாகிவிட்டது. ஒன்றைத் திறந்து, இரண்டு நிமிடம் ஆடி, அடுத்ததற்குப் போவதே அவற்றோடு பலருக்கும் வாய்க்கும் உறவு.

ஆடுபுலிக் கட்டங்களைக் கோயில் மண்டபத் தரையில் செதுக்கியவரின் பெயரும் தெரியாது. ஆனாலும் கட்டம் கல்லில் நிற்கிறது, விதி வாய்வழியாக வந்தது. பிரிக் கேமின் வழக்கங்களும் வாய்மொழியில்தான் இருக்கின்றன: எத்தனை வரிசைக்குப் பிறகு கருவியைக் கைமாற்ற வேண்டும், பாதியில் செல் தீர்ந்தால் யார் முறை, நீளக் குச்சிக்கும் வளைந்த துண்டுக்கும் ஒவ்வொரு தெருவும் வைத்த பெயர் என்ன. பென்சிலும் சோடாவும் கொண்டு பழைய கூட்டைத் திறப்பவர், மாதிரி எண்ணோடு இவற்றையும் எழுதி வைக்கலாம். அந்தத் தெருவில் ஆடியவர்கள் இன்னும் கேட்கும் தொலைவில்தான் இருக்கிறார்கள்.