நியூமனின் கல்லூரியும் மரக்காணத்து உப்பளமும்

மரக்காணத்து உப்பளங்களில் விளைச்சல் பெருகி நிற்பதும், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவருவதும் ஒரே மே மாதத்தில்தான். விடியற்காலையில் பாத்தியில் உப்பு வாரிவிட்டு, கழுவிய கால்களின் ஈரம் உலருமுன்னே, மதிப்பெண் பட்டியலைக் கையில் ஏந்திப் பங்கு இல்லத்துத் திண்ணைக்கு வரும் தாய்மாரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "சாமி, பிள்ளையை எந்தக் காலேஜில் சேர்க்கலாம்?" அக்கேள்விக்கு விடையிறுக்கும் தகுதி நமக்கு உண்டா என்ற ஐயமே, குருமடத்து நாள்களில் அரைகுறையாய்ப் படித்த பழைய நூல் ஒன்றை மீண்டும் கையிலெடுக்கத் தூண்டிற்று.

'பல்கலைக்கழகம் என்னும் கருத்து' எனத் தமிழில் பெயரிடத்தக்க அந்நூலின் ஆசிரியர் புனித ஜான் ஹென்றி நியூமன். 2019இல் புனிதராக உயர்த்தப்பட்ட அவரை, 2025 நவம்பர் 1ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். புனித தாமஸ் அக்குவினாசுடன் இணைந்து கல்விப் பணியின் பாதுகாவலராகவும் ஏற்படுத்தினார். எனவே நூலைப் போற்றிப் பேசுவது இன்று எளிது. ஆனால் மறைவல்லுநர் என்னும் பட்டம் ஒருவர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் இடப்பட்ட முத்திரை அன்று. உப்பளத் தொழிலாளியின் மகளுக்கு இந்நூல் எவ்வளவு பயன்படும், எவ்விடத்தில் கைவிடும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூல் பிறந்த சூழலை முதலில் அறிதல் வேண்டும். 1845இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த நியூமனை, அயர்லாந்து ஆயர்கள் தாங்கள் நிறுவவிருந்த கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவராக அழைத்தனர். 1852இல் டப்ளின் நகரில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளே நூலின் கரு. இன்று நம் கைக்குக் கிட்டும் முழு வடிவம் 1873இல் அமைந்தது. பல்கலைக்கழகம் 1854இல் திறக்கப்பட்டது. 1858இல் நியூமன் பொறுப்பிலிருந்து விலகினார். பட்டம் வழங்கும் உரிமையை அரசு தராததால் மாணவர் கூட்டம் சேரவில்லை. உலகப் புகழ்பெற்ற கல்வி நூலொன்றின் பின்னே தள்ளாடிய கல்லூரி ஒன்று நின்றது என்பதை மறவாமல் படித்தால், அதன் பெருமையும் குறையும் ஒருங்கே விளங்கும்.

நூலின் முதற்பகுதியில் உள்ள ஒன்பது உரைகளுள் முன்னவை இறையியலும் ஓர் அறிவுத்துறையே என்று நிறுவுவதில் நீண்டு செல்கின்றன. பொதுநிலை வாசகர்கள் ஐந்தாம், ஆறாம், ஏழாம் உரைகளிலிருந்து தொடங்கலாம். அங்கேதான் நம் திண்ணைக் கேள்விக்குரிய விடை இருக்கிறது.

நியூமன் சொல்வதன் சாரம் இது: அறிவு வேறொன்றை வாங்கும் காசு மட்டுமன்று, தன்னளவிலேயே தேடத்தக்க நலம். கல்லூரி மூளையில் செய்திகளை நிரப்பும் கிடங்கும் அன்று. பலவற்றை ஒப்பிட்டு, உறவுபடுத்தி, எடைபோட்டு நோக்கும் மனத்தை உருவாக்குவதே அதன் தொழில். ஆறாம் உரையில் அவர் ஒரு படி மேலே செல்கிறார். மாணவர்கள் சேர்ந்து வாழாமலே பல பாடங்களில் தேர்வு வைத்துப் பட்டம் தரும் நிறுவனம் ஒன்று. ஆசிரியரும் தேர்வும் இல்லாது இளைஞர்களைச் சில ஆண்டுகள் ஒன்றாக வாழவைத்து அனுப்பிவிடும் நிறுவனம் மற்றொன்று. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டுமெனில், தாம் பின்னதையே தேர்வதாகக் கூறுகிறார். மாறுபட்ட இளைஞர்கள் கூடி வாழுகையில் ஒருவருக்கொருவர் ஆசிரியராகிவிடுகின்றனர் என்பது அவர் துணிபு.

கட்டடத்தையும் விளம்பரத்தையும் கண்டு மயங்கும் நமக்கு இது நல்ல மருந்து. ஆண்டுதோறும் வெளியாகும் வழிகாட்டி மலர்கள் கட்-ஆஃப் மதிப்பெண்ணையும் கட்டணத்தையும் வேலைவாய்ப்பையும் பட்டியலிடுகின்றன. 2016 முதல் நடுவண் அரசின் தரவரிசைப் பட்டியலும் வருகிறது. அவை தேவையே. ஆனால் சேர்ந்த மறுநாள் முதல் அப்பிள்ளை யாருடன் பேசும், எந்த ஆசிரியர் அதன் பெயரை அறிவார், மாலையில் நூலகம் திறந்திருக்குமா என்பவற்றை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை. நியூமன் அவற்றையே கல்வியின் உயிராகக் கொள்கிறார். ஆசிரியரின் ஆளுமை மாணவனைத் தொடாத கல்வி அமைப்பு உறைபனியாய்க் குளிர்ந்துபோகும் என்பது அவரது பிற கட்டுரைகளிலும் வலியுறுத்தப்படும் கருத்து.

இனி நூலின் குறைக்கு வருவோம். நியூமனின் கண்முன் நின்ற மாணவன், அடுத்த வேளை உணவைப்பற்றிக் கவலைப்படாத ஆண்மகன். பெண்பிள்ளை அவர் கணக்கிலேயே இல்லை. இதைவிட நெருடுவது வேறொன்று. 1845 முதல் 1849 வரை அயர்லாந்தைப் பாழ்படுத்திய பெரும் பஞ்சத்தின் வடு ஆறுமுன்னரே அப்பல்கலைக்கழகம் தோன்றியது. கோவில்களில் ஏழை விசுவாசிகள் இட்ட காணிக்கைக் காசு அதனைத் தாங்கிற்று. அக்காசை இட்டவர்களின் பிள்ளைகளுள் எத்தனை பேர் அதன் வாயிலை மிதித்திருக்க இயலும்? பண்பட்ட கனவானை உருவாக்குவதைப் பற்றி அத்துணை அழகாக எழுதியவர், அந்தக் காணிக்கைத் தட்டைப் பற்றி நூலில் போதிய அளவு சிந்திக்கவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

நூலைக் காட்டிலும் நூலாசிரியரின் வாழ்வு பரந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பகலில் உழைக்கும் டப்ளின் இளைஞர்களுக்கென மாலை வகுப்புகள் தொடங்கியவரும் அவரே. அவர் அமைத்த துறைகளுள் உண்மையில் தழைத்தது மருத்துவப் பள்ளி; பிழைப்புக்கு வழிகாட்டும் தொழிற்கல்வி! அறிவு அறிவுக்காகவே என்றவரின் கல்லூரியில் அந்தக் கிளையே காய்த்தது. ஏழாம் உரையில், பண்பட்ட மனம் எத்தொழிலுக்கும் பயன்படும் என்று அவர் இணக்கம் காண முயல்கிறார். அது உண்மையே, ஆனால் அடைமழை தொடங்கியதும் வேலை நின்றுபோகும் உப்பளக் குடும்பத்துக்கு அது முழு விடை ஆகாது.

இவ்விடத்தில் உப்பளமே நமக்கு உரையாசிரியர் ஆகிறது. பாத்தியில் பாய்ச்சிய உவர்நீர் உடனே உப்பாகிவிடுவதில்லை. பாத்திக்குப் பாத்தி மாற்றி, நாள்கணக்கில் வெயிலில் கிடத்தி, சுண்ணச் சத்தும் ஜிப்சமும் முதலில் படிந்து விலகிய பின்னரே, செறிந்த நீரில் உப்பு மணி கட்டுகிறது. அவசரப்பட்டு வாரினால் சேறுதான் வரும். மனமும் அவ்வாறே, அதற்குக் காலம் கொடுங்கள் என்ற நியூமனின் வாதத்தை உப்பளத்தார் உடனே ஏற்பர். ஆயினும் எந்த உப்பும் அம்பாரத்தில் கிடப்பதற்காக விளைவதில்லை. உலையில் விழுந்து கரைவதிலேதான் அதன் நிறைவு. ஆண்டவர் தம் சீடரை உப்புக்கு ஒப்பிட்டதும் அக்கருத்திலேயே. முற்றாத உப்பு உதவாது; கரையாத உப்பும் உதவாது. முன்னதை நியூமன் ஒப்பற்ற முறையில் சொன்னார்; பின்னதை அழுத்தம் குறைத்துச் சொன்னார். கல்லூரியைத் தேர்வோர் இரண்டையும் சேர்த்து நினைக்கவேண்டும்.

நாம் செய்த பிழை ஒன்றையும் இங்கே மறைத்தல் ஆகாது. பல ஆண்டுகளுக்கு முன், வரலாற்றுப் பாடத்தில் தணியாத ஆர்வம் கொண்ட உப்பளத் தொழிலாளியின் மகன் ஒருவனை, "பொறியியல் படித்தால் வேலை உறுதி" என்று சொல்லி அனுப்பி வைத்தோம். கல்லூரியின் கட்டடம் பளபளத்தது. பேருந்து வீட்டு வாசலுக்கு வந்தது. ஆசிரியர்களோ பருவத்துக்குப் பருவம் மாறினர். கணிதத்தில் நிலுவைத் தாள்கள் குவிந்தன. மூன்றாம் ஆண்டில் பையன் திரும்பி வந்தான். கல்விக் கடன் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. "சாமி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார் தந்தை. அதில் குற்றச்சாட்டின் சாயல்கூட இல்லை. அதனாலேயே அச்சொல் இன்றுவரை நம்மை உறுத்துகிறது. பொறியியல் தீதன்று. அவனை அறியாமல் அவனுக்குப் பாதை வகுத்ததே தீது.

எனவே, நியூமனிடம் கற்று, உப்பளத்தில் திருத்திக்கொண்ட சில எண்ணங்களைப் பெற்றோர் முன் வைக்கிறோம்.

முதலாவது, கல்லூரிக்கு முன் பிள்ளையைப் படியுங்கள். எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமலே எடுத்துப் படிக்கிறது என்று கவனியுங்கள். அண்டை வீட்டுப் பிள்ளை சேர்ந்த துறை நம் வீட்டுப் பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அன்று.

இரண்டாவது, கோபுரம் கட்ட எண்ணியவன் உட்கார்ந்து செலவைக் கணக்கிட்ட நற்செய்தி உவமையை நினையுங்கள். முதலாண்டுக் கட்டணத்தை மட்டுமன்றி, முழுப் படிப்புக்கும் ஆகும் விடுதி, பயண, தேர்வுச் செலவுகளையும் கூட்டுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்ற மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோர்க்கும் பின்னர் விரிந்தன. ஆதிதிராவிடக் கிறித்தவர்கள் இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருப்பினும், தமிழக அரசின் கல்வி உதவித்தொகை அவர்களுக்கும் உண்டு. சாதி, வருமானச் சான்றுகளைக் கடைசி வாரம் வரை தள்ளாமல் முன்பே பெற்று வைத்தல் நலம். தரகர் கையில் பணம் கொடுத்து இடம் பிடிக்கவேண்டிய கல்லூரி நமக்கு வேண்டா.

மூன்றாவது, கல்லூரியை நேரில் சென்று பாருங்கள், வரவேற்பறையோடு திரும்பிவிடாதீர்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் மூவரிடம் பேசுங்கள். ஆசிரியர்கள் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள், நூலகத்தில் மாணவர்கள் அமர்ந்திருக்கிறார்களா, தமிழ்வழியில் வந்தவர்க்கு ஆங்கிலத்தில் கைகொடுக்க ஏதேனும் ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். அரசு கலைக் கல்லூரி என்றதும் முகம் சுளிப்பது அறியாமை. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் உள்ள அரசு கலைக் கல்லூரிகள் அரை நூற்றாண்டுக்கு மேலாக நம் வட்டாரத்தின் முதல் பட்டதாரிகளை உருவாக்கி வருகின்றன.

நான்காவது, தூரம். மரக்காணத்திலிருந்து திண்டிவனத்துக்கோ புதுச்சேரிக்கோ நாள்தோறும் பேருந்தில் போய்வரும் பிள்ளை, நியூமன் போற்றிய கூட்டு வாழ்வையே இழந்துவிடுகிறது. கடைசி மணி அடித்ததும் பேருந்து நிலையத்துக்கு ஓடவேண்டியிருக்கிறது. 2025இல் சமூகநீதி விடுதிகள் எனப் பெயர் மாற்றம் பெற்ற அரசு விடுதிகளில் இடம் கிடைக்குமா என்று விசாரியுங்கள். "பெண் பிள்ளை வெளியில் தங்குவதா?" என்று தயங்கும் தந்தையரே, பையனுக்கு விடுதியும் பெண்ணுக்குப் பேருந்துமாக நாம் பங்கிடுவது நீதியாகுமா என்று எண்ணிப் பாருங்கள்.

சேர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கும் ஒரு சொல். எந்தக் கல்லூரியானாலும் அங்கே ஓர் ஆசிரியரேனும் உண்மையாகக் கற்பிப்பவர் இருப்பார். முதல் பருவத்திலேயே அவரைக் கண்டுபிடித்து, அவரிடம் கேள்வி கேட்கத் துணியுங்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் நூலகத்துக்கு ஒதுக்குங்கள். பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு நூலையேனும் பருவந்தோறும் முழுதாகப் படியுங்கள். வேற்றுச் சாதி, வேற்றுச் சமயத்தாருள் நண்பர் ஒருவரைத் தேடுங்கள். நம் பங்குகளிலேயே கல்லறைச் சுவர் வரை நீளும் பிரிவினையைத் தகர்க்கும் கல்வி அங்கேதான் தொடங்கும். மதிப்பெண் குறைந்தால் மனமொடிய வேண்டா. நியூமனே 1820இல் ஆக்ஸ்ஃபோர்டில் அளவுக்கு மீறி உழைத்துக் களைத்து, எதிர்பார்த்ததற்கு மிகத் தாழ்ந்த தரத்தில் பட்டம் பெற்றவர். இரண்டே ஆண்டுகளில் அதே ஆக்ஸ்ஃபோர்டின் ஓரியல் கல்லூரியில் ஆய்வறிஞராகத் தேர்வு பெற்றார்.

உப்பு விளைந்த பின்னும் பாத்தியில் கசப்பு நீர் எஞ்சும். அதை உரிய நேரத்தில் வடிக்காவிடில் விளைந்த உப்பும் கசக்கும். படித்தபின் பெற்றோரின் வெடித்த கால்களைக் கண்டு நாணும் மனமே அக்கசப்பு. அதை வடித்துவிடுங்கள்.

இறுதியாக, நம் திருச்சபையின் கல்லூரிகளை நோக்கியும் இந்நூல் ஒரு கேள்வியை எழுப்புகிறது. 1844இல் தோன்றிய தூய வளனார் கல்லூரி முதல், 1925இன் லொயோலா, 1991இல் கடலூரில் எழுந்த தூய வளனார் கலை அறிவியல் கல்லூரி வரை நம்மிடம் உள்ள மரபு சிறிதன்று. திறமையிருந்தும் பொருளற்ற இளையோர்க்குக் கத்தோலிக்க உயர்கல்வியின் வாயில் எளிதில் திறக்கவேண்டும் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தன் கல்வி அறிக்கையில் கேட்டுக்கொண்டது. நியூமன் எழுதாமல் விட்ட அதிகாரம் அதுவே. அதை எழுதி முடிக்கும் பொறுப்பு கல்லூரி நிருவாகிகளுக்கு மட்டுமன்று, பங்குத்தந்தையருக்கும் உண்டு. திருவிழாத் தேருக்குத் திரட்டும் நன்கொடையில் ஒரு பங்கை ஒரு பிள்ளையின் விடுதிக் கட்டணத்துக்கு ஒதுக்க எந்தப் பங்குப் பேரவைக்கும் தடையில்லை.

அடுத்த மே மாதத்திலும் திண்ணையில் அதே கேள்வி எழும். எந்தக் கல்லூரி என்று சொல்வதற்குமுன், "பிள்ளைக்கு எதில் விருப்பம்?" என்று இம்முறை நாம் கேட்போம், அவளையே பேசவிட்டுக் கேட்டிருப்போம்.