மூன்று மரங்கள்

ரெம்ப்ராண்ட் 1643-இல் செய்த 'மூன்று மரங்கள்' என்ற படத்தின் உயரம் சுமார் 21 சென்டிமீட்டர், அகலம் 28. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை தடவி அச்சிட்டது. வர்ணம் கிடையாது. நிலக்காட்சியாக அவர் தகட்டில் செய்தவற்றில் இதுதான் பெரியது.

பரோக் என்று பெயரிட்டுப் பேசுகிற பதினேழாம் நூற்றாண்டுக் கலையில் ஒளியும் இருளும் மோதிக்கொள்வது சகஜம். மகான்களையும் மன்னர்களையும் வைத்து அந்த மோதலை நடத்துவார்கள். இங்கே ஆகாயமே நடத்துகிறது. வலப்புறம் மேட்டில் மூன்று மரங்கள், பின்னால் வெளிச்சம். இடது மூலையில் மழை. தொலைவில், தட்டையான நிலத்துக்கு அப்பால், ஒரு நகரம்.

இதற்கு விமரிசகர்கள் இரண்டு சாவிகள் வைத்திருக்கிறார்கள். மூன்று மரங்கள் கல்வாரி மேட்டின் மூன்று சிலுவைகள் என்பது ஒன்று. 1642-இல் மனைவி சாஸ்கியா இறந்தாள், அந்தத் துக்கமே இந்தப் புயல் என்பது மற்றொன்று. இரண்டும் படத்துக்கு வெளியே செய்த சாவிகள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சிலுவைகளை வரைய வேண்டுமானால் ரெம்ப்ராண்டுக்கு மரங்களின் தயவு தேவையில்லை. 1653-இல் 'மூன்று சிலுவைகள்' என்றே ஒரு தகடு செய்தார். துக்கம் என்றாலோ, இந்தப் படத்தில் இருக்கிற மனிதர்களை என்ன செய்வது?

இடது ஓரத்தில் ஒருவன் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் ஒரு பெண். மேட்டில் ஒரு வண்டி நிறைய ஜனங்கள். மரங்களுக்குக் கீழே, புதர் இருட்டில், ஒரு காதல் ஜோடி. தேடினால்தான் கண்ணில் படுவார்கள். மேட்டின் மேலே ஒரு சித்திரக்காரன் உட்கார்ந்து வரைகிறான். அவனும் புயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேறெதையோ பார்க்கிறான். ஆகாயத்தை யாருமே கவனிக்கவில்லை.

மழைக் கோடுகளைப் பாருங்கள். இலையும் புல்லும் மேகமும் வளைந்து நெளிந்த கோடுகள். மழை மட்டும் அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் விறைப்பாக, சாய்வாக இறங்குகிறது. மனிதரோடு ஒட்டாத ஏதோ ஒன்று என்பதை அந்த விறைப்பே சொல்லிவிடுகிறது. அது வருகிறதா, போகிறதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. இந்தப் படத்தின் மனநிலை முழுவதும் அந்தச் சந்தேகத்தில்தான் இருக்கிறது. அதை உணராமல் தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதக் கூட்டம். எல்லாவற்றுக்கும் எதிரே சும்மா நிற்கிற மரங்கள். அவற்றுக்கு ஓர் அர்த்தம் உண்டென்றால் அது நிற்பதில் இருக்கிறது. மூன்று என்ற எண்ணிக்கையில் இல்லை.

கதை படிக்கிறவர்களிலும் சாவிக்காரர்கள் உண்டு. 'இந்தக் கிணறு எதைக் குறிக்கிறது?' என்று கேட்பார்கள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கமாட்டார்கள். இதனால் நஷ்டம் படைப்பவனுக்கு அல்ல. பார்க்கத் தெரிந்த கண்ணைப் படிப்பவன்தான் இழந்துவிடுகிறான்.

இந்தப் படம் கையில் கிடைத்தால், முதலில் அந்தக் காதலர்களைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அர்த்தத்தைப் பிறகு தேடலாம்.