படுக்கையைக் குறைக்கும் முன்

மனநோயாளியைப் பூட்டிய வார்டில் வைப்பதைவிட ஊருக்குள் வாழவைத்துச் சிகிச்சை தருவதே மேல். ஆனால் யாருடைய வீட்டில், யாருடைய பொறுப்பில் என்று கேட்டால்தான் இந்தக் கொள்கையின் பலமும் குறையும் தெரியும். சென்னைக் கடற்கரையின் மீனவர் குப்பமான நொச்சிக்குப்பத்தை வைத்தே அதைக் கேட்கலாம்.

முதலில் பலம். 1794இல் தொடங்கிய மனநல இல்லத்தின் வழிவந்தது கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை. இத்தகைய இடங்களில் நோய் தணிந்த பின்னும், அழைத்துப்போக ஆளில்லாமல் ஆண்டுக்கணக்கில் தங்கிப்போனவர்கள் உண்டு. குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காகவோ வெளியே வசதி இல்லை என்பதற்காகவோ ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. அது நடைமுறையில் சாத்தியம் என்று காட்டியது சென்னையின் 'தி பான்யன்' அமைப்பு. அதன் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தில் நான்கைந்து பேர் துணையாளர் உதவியோடு சாதாரணத் தெருவில் வீடெடுத்து வாழ்கிறார்கள். சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள். எந்த வார்டும் தர முடியாத வாழ்க்கை அது.

இனி குறை. நொச்சிக்குப்பத்தின் சின்ன அடுக்ககக் குடியிருப்பு ஒன்றுக்கு மகன் திரும்பி வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அம்மா அங்குள்ள லூப் சாலையில் மீன் விற்கிறார்; அன்று விற்றால்தான் அன்றைக்கு அடுப்பு. மாத்திரையை யார் கொடுப்பது? அவன் மறுத்தால், நள்ளிரவில் நிலைகுலைந்தால் யாரைக் கூப்பிடுவது? 14416 'டெலி-மானஸ்' எண்ணில் ஆலோசனை கிடைக்கும். கதவைத் தட்டி வர ஆள் வேண்டுமே. அந்த ஆள் இல்லாத இடத்தில், அரசு குறைத்த செலவைத் தாய் தன் கூலியால் கட்டுகிறாள்.

ஏர்வாடியை மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று தீயில் கருகிய 28 மனநோயாளிகள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தது அரசு மருத்துவமனையில் அல்ல, தனியார் காப்பகத்தில். முறையான சேவை இல்லாத ஊருக்குள்ளும் பூட்டு இருக்கும்.

குற்ற வழக்கில் சிக்கிய நோயாளிகள் விஷயம் இன்னும் கடினம். 1978இல் மனநல மருத்துவமனைகளை மூடச் சட்டம் இயற்றிய இத்தாலி, 2015இல் அவர்களுக்கான காவல் மருத்துவமனைகளையும் மூடத் தொடங்கியது. மாற்றாக வந்த சிறு இல்லங்கள் மனிதத்தன்மை மிக்கவை. ஆனால் இடம் போதாமல் பலர் சிறையில் காத்திருக்க நேர்ந்தது.

எனவே வரிசை முக்கியம். முதலில் வீடு தேடி வரும் செவிலியர், நெருக்கடியில் உடனே கிடைக்கும் சில படுக்கைகள், அருகில் தங்கும் இல்லம். பிறகே வார்டு குறைப்பு. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டு போகிறது. மனநலச் சிகிச்சையும் அதே வழியில் குப்பத்துக்கு வர முடியும். எத்தனை படுக்கைகள் காலியாயின என்பது வெற்றிக்கு அளவுகோல் ஆகாது. அந்தத் தாய் கவலையின்றிக் கடை விரிக்க முடிகிறதா என்பதே அளவுகோல்.