போனவர் எழுதியதும் இருந்தவர் எழுதாததும்

ஆப்பிரிக்கக் கிராமப் பள்ளிகளில் தொண்டு ஆசிரியராக இருந்து திரும்பியோர் எழுதும் அன்றாடக் குறிப்புகள் மேலைநாட்டு உரைநடையில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டன. 1961 ஆகஸ்டு 30-ஆம் நாள் அமெரிக்க அமைதிப் படையின் முதல் அணியினர், ஐம்பதுக்குச் சற்று மேற்பட்டோர், கானாவின் தலைநகரான அக்ராவில் ஆசிரியர்களாக வந்திறங்கினர். அதன் பின்னர் இவ்வகை நூல்களுக்குக் குறைவே இல்லை. கிணற்றடி, கரும்பலகை, மலேரியா, நூறு பிள்ளைகள் நெருக்கியடித்து அமர்ந்த வகுப்பு, பிரியாவிடை நாளில் பாட்டு என்று இவற்றின் உறுப்புகளைப் படிக்காமலே சொல்லிவிடலாம்.

இவை பொய் என்று நாம் சொல்லவில்லை. சாக்குக்கட்டி தீர்ந்துபோன காலையில் ஒரு வகுப்பு என்ன ஆகும் என்பதைக் கல்வித்துறை அறிக்கைகளைவிட இந்தக் குறிப்புகள் நன்றாகவே சொல்கின்றன. நம் குறை வேறு. இவற்றுள் பெரும்பாலானவற்றில் முழு மனிதராக நடமாடுபவர் ஒருவரே, அவர் எழுதியவர். பிள்ளைகளுக்குப் பெயர் இருக்கும், சிரிப்பு இருக்கும், கருத்து மட்டும் இராது. அந்த ஊரில் அவருக்கு முன்பு எவரும் எதையும் கற்பித்ததில்லை என்ற பாவனை பக்கந்தோறும் படிந்து கிடக்கும்.

இதற்கு மறுப்பு அமைதிப் படை புறப்பட்ட அதே 1961-இலேயே அச்சாகிவிட்டது. செனகல் நாட்டு எழுத்தாளர் ஷேக் ஹமிது கானின் பிரெஞ்சு நாவலைச் சொல்கிறோம். 'ஐயத்தின் பயணம்' என்று அதன் பெயரை ஒருவாறு தமிழாக்கலாம். அதில் வரும் கிராமத்துக்கு ஆசிரியர் இருக்கிறார். திருமறை ஓதிக்கொடுக்கும் முதியவர் அவர்; ஓதுகையில் நாக்குப் பிறழ்ந்தால் பிள்ளையின் உடம்பைப் புண்ணாக்கும் அளவுக்குக் கண்டிப்பானவர். மாணவர் வீடுவீடாகச் சென்று உணவு இரந்து உண்பதும் அங்கே படிப்பின் ஒரு பகுதி. ஊர்த்தலைவரின் மூத்த சகோதரியோ, தாம் வெறுக்கும் அந்நியர் பள்ளிக்கே பிள்ளைகளை அனுப்பவேண்டும் என்று ஊரைக் கூட்டிச் சொல்கிறாள். அவள் அறியாமையால் சொல்லவில்லை. வென்றவர்களின் வித்தை வேண்டும் என்று கணக்கிட்டே சொல்கிறாள். அந்தக் கணக்கில் ஊர் இழப்பது என்ன என்பதும் அவளுக்குத் தெரியும். இந்தப் பெண்ணின் ஒரு பேச்சுக்கு முன் நாம் மேலே சொன்ன நாட்குறிப்புகளின் பெரும்பகுதி எடுபடாது. கான் அந்த முதியவரைப் புனிதராக்கவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். அடியின் வலி அடியாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஓதும் பள்ளி குறித்து எழுத வந்தால் நெகிழ்ந்துருகவோ நையாண்டி செய்யவோ மட்டுமே அறிந்த நம்மவர் சிலர் இந்த நாவலிடம் பாடம் கேட்கலாம்.

போனவர்களிலும் தெளிந்தவர் உண்டு. பால் தெரூ 1963-இல் நியாசாலாந்துக்கு, அதாவது 1964 முதல் மலாவியாக உள்ள நாட்டுக்கு, அமைதிப் படை ஆசிரியராகச் சென்று 1965-இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். பல்லாண்டு கழித்துத் திரும்பிச் சென்று, 2002-இல் வெளியான பயண நூலில் தாம் பாடம் சொன்ன பள்ளியின் சீரழிவை எழுதினார். நூலகத்தில் நூல்கள் இல்லை. வெளியார் மேலும் மேலும் வருவதால் இது சீராகாது, அந்நாட்டார் அங்கேயே இருந்து செய்யவேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. அதில் கசப்பு கொஞ்சம் மிகை. எனினும் 'இருந்து செய்தல்' என்பதை அவர் தொட்டுவிட்டார்.

இருந்து செய்தவர்களைப் பார்க்க நாம் மலாவிக்குப் போகவேண்டியதில்லை. செஞ்சிக்குப் போனால் போதும். கொரோனாத் தொற்றால் பள்ளிகள் ஏறத்தாழ 18 மாதம் மூடிக்கிடந்த பின், தமிழக அரசு 2021 அக்டோபர் 27-இல் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. தொடங்கிய இடமே செஞ்சியை உள்ளடக்கிய விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பம். அந்தந்தத் தெருவின் படித்த பெண்களே பெரும்பாலும் தன்னார்வலர் ஆயினர். மாலை ஐந்து முதல் ஏழு மணிக்குள் ஒன்றரை மணி நேரம், இருபது பிள்ளைகள் அளவில் ஒரு மையம், மாதம் 1,000 ரூபாய். மாதத்துக்கு 22 நாள் எனக் கொண்டால் மணிக்கு 30 ரூபாய். அதைத் தொண்டு என்றழைப்பது அழைப்பவருக்கு வசதி.

ஆனால் விளைவைக் குறைத்துச் சொல்லலாகாது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழக் கால்பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கண்டார்கள். கடல்கடந்து சென்ற தொண்டர்களின் நூல்களில் இப்படியொரு கணக்கை நாம் கண்டதில்லை.

இவ்வளவு நடந்திருக்க, நம் இலக்கியத்தில் அது எங்கே? செஞ்சி என்றால் நம் பேனா ராஜகிரி மலைமேல் ஏறிவிடுகிறது. 1714-இல் மாண்ட தேசிங்கு, மணக்கோலத்தை விட்டுப் போருக்கு ஓடிவந்த அவன் நண்பன் மோவத்துக்கான், சாதத்துல்லாகான் பள்ளிவாசல். இந்த நட்பைப் பற்றி நம் இதழ்கள் போன்றவை எழுதித் தீர்த்தாயிற்று. 2025 ஜூலையில் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டதும் மற்றொரு சுற்றுக் கட்டுரைகள் வந்தன. மலையடிவாரத் திண்ணையில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, உலையில் அரிசி போடுமுன் 'கூட்டல்' சொல்லிக்கொடுத்தவளுக்கு ஒரு பத்தி கிடைக்கவில்லை.

அவள் எழுதவில்லையே என்பார்கள். போனவருக்கு எல்லாம் புதுமை, ஆகையால் எழுதுகிறார். இருப்பவருக்கு எல்லாம் பழக்கம், ஆகையால் எழுதுவதில்லை என்ற விளக்கத்தை நாம் பாதிதான் ஏற்கிறோம். போனவர் ஊர் திரும்பியதும் அவருக்குப் பதிப்பாளர் காத்திருக்கிறார். இவளிடம் கேட்கப்பட்டதெல்லாம் இன்று எத்தனை பிள்ளைகள் வந்தனர் என்ற எண் மட்டுமே. வராத பிள்ளை ஏன் வரவில்லை, பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போய்விட்டதா, தெருமாறி உட்காரத் தயங்கியதா என்பது அவளுக்குத் தெரியும். மணமாகி வேற்றூர் போனபின் அந்த இருபது பேரும் யாரிடம் போனார்கள் என்பதையும் விசாரித்திருப்பாள். இவற்றை அவள் வாய்மொழியாகவே சொல்லட்டும். கேட்டு எழுதும் பொறுமை நம் எழுத்தாளருக்கு வேண்டும். அப்படி எழுதுகையில் அவளைத் தியாகச்சுடர் ஆக்கிவிடாதிருக்க வேண்டும். மாதம் ஆயிரம் ரூபாய் எந்தத் தேதியில் வந்தது, அதை வைத்து என்ன வாங்கினாள் என்பதையும் கேட்டு எழுதவேண்டும்.